மூன்றாவது போர்டு

செண்பகராஜ் இரண்டு மதர்போர்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து மேசைக் கண்ணாடியின் மேல் வைத்தார். ஒன்று சிறியது. இன்னொன்று அதைவிட நாலு விரற்கடை நீளம்.

"சின்னது எச்610. ராம் செருக ரெண்டு ஸ்லாட்டுதான். பெருசு பி760, நாலு ஸ்லாட்டு. உங்க வேலைக்கு இன்னைக்கு ரெண்டு போதும் அண்ணாச்சி. பின்னாடி கூட்டணும்னு நெனைச்சா பெருச எடுங்க."

பின்னாடி என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. பெட்டிகளைப் பார்த்தபடி நின்றேன். கோவில்பட்டி மெயின் ரோட்டில் டவுன் பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போனது.

கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிறவனுக்கு மதர்போர்டுதான் முதல் கேள்வி. எந்தப் பிராசஸர், எவ்வளவு ராம், எத்தனை டிஸ்க் என்பதையெல்லாம் அது முன்கூட்டியே தீர்மானித்துவிடும். மற்ற எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். போர்டை மாற்றினால் அது வேறு கம்ப்யூட்டர். அதனால் போர்டை எடுக்கும்போதே, அடுத்த ஆறேழு வருஷம் எப்படி இருக்கப் போகிறேன் என்று ஒருவன் தனக்குத்தானே ஒரு பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என்னிடம் அந்தப் பதில் இல்லை. செண்பகராஜின் பின்னால் கண்ணாடி அலமாரியில் லேப்டாப்புகள் வரிசையாகத் திறந்திருந்தன. அவற்றில் ஒன்றை வாங்கினால் நான் மதுரைக்குப் போகிறேன் என்று அர்த்தம். மேசைக் கம்ப்யூட்டர் சேர்த்தால் இங்கேயே இருக்கிறேன் என்று அர்த்தம். கோமதியக்கா இதை வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள். மதுரையில் அவள் வீட்டு மாடியறை காலியாக இருக்கிறது. ஆனி, ஆடியில் குடி மாறக் கூடாது, வைகாசிக்குள் ஒரு முடிவு சொல் என்பது அவளுடைய கெடு. மடியில் வைத்துப் பார்க்கிற மிஷின் எங்கே போனாலும் கூடவே வரும் என்று அத்தானும் இரண்டு தரம் போன் செய்து எடுத்துச் சொன்னார்.

பிரேமா போன புரட்டாசியில் இறந்தாள். தலைவலி என்று படுத்தவள், மூன்றாம் நாள் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. எட்டயபுரம் ரோட்டில், ஊர் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில், பதினோரு வருஷத்துக்கு முன்பு நாங்கள் கட்டிய வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். இரண்டு பக்கத்து மனைகளிலும் இன்னும் யாரும் வீடு கட்டவில்லை.

என் வேலை கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், கயத்தாறு ஸ்டுடியோக்காரர்கள் எடுத்ததை எல்லாம் ஒரு டிஸ்க்கில் போட்டுத் தந்துவிடுவார்கள். மூன்று கேமராக்கள் இரண்டு நாள் எடுத்ததை நான் மூன்று மணி நேரமாக்கித் தருவேன். கல்யாணத்துக்கு யாரும் என்னை அழைப்பதில்லை. ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி முகங்களை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை ஒரு பெண்ணைப் பார்த்து என்னையறியாமல் சிரித்துவிட்டேன். தாலி ஏறும்போது அவள் அழுததை நாற்பது தடவையாவது முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தவன் நான். அவளுக்கு நான் யாரோ. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

பங்குனியில் பழைய போர்டு போனது. பதினோரு வருஷம் உழைத்தது, வயதாகிவிட்டது என்று நானும் செண்பகராஜும் பேசி முடித்துக்கொண்டோம். அதே மாடலில் பழைய போர்டு ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்து மாட்டித் தந்தார். பத்தொன்பதாம் நாள் அதுவும் போனது. அப்போது திரையில் ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா மேடை ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில். அப்படியே திரை கறுத்துவிட்டது.

அக்காவிடம் சொன்னேன். அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அந்த வீடு ஒனக்கு ஆகலலே கண்ணா. மனுசிய வாங்குச்சு. இப்பம் மிஷினையும் வாங்குது."

நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையில் அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. வீடே என்னை வெளியே தள்ளினால், விட்டுவிட்டுப் போனேன் என்ற பழி என்மேல் வராது அல்லவா. மூன்றாவது போர்டும் போய்விட்டால் கிளம்பிவிடலாம் என்றுகூட ஓர் எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தோடுதான் அன்று செண்பகராஜ் கடைக்குப் போயிருந்தேன்.

நான் பேசாமல் நின்றது அவருக்கு ஒருமாதிரி இருந்திருக்க வேண்டும். கரண்ட் சரியாக வருகிறதா, யுபிஎஸ் எத்தனை வருஷத்துப் பழசு என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"கேபினட்டத் தொட்டா ஷாக்கு எதுவும் அடிக்கா?"

"ஷாக்குன்னு இல்ல. லேசா ஊரும். எறும்பு போற மாதிரி."

"எத்தன நாளா?"

"மாசியிலேர்ந்து இருக்கும்."

அதை நான் கரண்ட் என்று நினைக்கவே இல்லை. என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். சர்க்கரை இருந்தால் விரல் மரத்துப்போகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். சர்க்கரை இல்லை. அப்படியானால் இது தனியாக இருப்பதால் வருகிற ஒன்று என்று முடிவுசெய்துகொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்டியதை மிஷின் ஒரே படமாகச் சேர்த்து ரெண்டர் செய்யும் நீண்ட நேரங்களில், பார்க்க எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் குறுகுறுப்புக்காகவே கேபினட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என்னைத் தொடுகிற ஒன்றாக அந்த வீட்டில் அது மட்டும் இருந்தது.

செண்பகராஜ் இரண்டு பெட்டிகளையும் எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார்.

"அப்போ போர்டு கெடையாது அண்ணாச்சி. எர்த்து இல்லாத வீட்டுக்கு நான் எத தந்தாலும் பொணமாத்தான் திரும்பி வரும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அதில் இரண்டு நாள் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுக்கு வயரிங் பார்த்தது யார் என்று தணிந்த குரலில் கேட்டார். வன்னியபெருமாள் என்றேன். அவரே போனை எடுத்து வன்னியபெருமாளிடம் பேசி, மறுநாள் காலையில் வரச் சொன்னார்.

வன்னியபெருமாள் ஒரு டெஸ்டரும், ஹோல்டரில் மாட்டிய நூறு வாட் குண்டு பல்பும் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் பிளக் பாயின்டைக் கழற்றி, பல்பின் இரண்டு வயர்களையும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பிடித்தார். பல்பு கண்ணைக் கூசும்படி எரிந்தது. பிறகு ஒரு வயரை எடுத்து எர்த்தில் வைத்தார். பல்புக்குள் இழை மட்டும் மங்கிய சிவப்பாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

எழுந்து வீட்டுக்குப் பின்னால் நடந்தார். நான் பின்தொடர்ந்தேன். மேற்குச் சுவர் மூலையில், மண்ணோடு மண்ணாக உடைந்த சிமென்ட் பலகை ஒன்று கிடக்கும். அதை நான் நூறு தடவை தாண்டிப் போயிருப்பேன். அவர் அதைப் புரட்டினார். கீழே செங்கல் கட்டிய சிறிய குழி, நடுவே ஒரு இரும்புக் குழாய். குழியின் மண் காய்ந்து பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. குழாயைச் சுற்றிலும் மண் விலகி, என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. வன்னியபெருமாள் குழாயைப் பிடித்து அசைத்தார். விழப் போகிற பல் மாதிரி ஆடியது.

"தண்ணி ஊத்துறதில்லையா அண்ணாச்சி?"

"எதுக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கரிசல்ல எர்த்து எறக்குனா தண்ணி ஊத்தணும்லா. கோடையில மண்ணு சுருங்கிக் குழாய விட்டுரும். மதினி ஊத்திக்கிட்டுத்தான இருந்தாவ?"

 அவர் குழியருகே குத்தவைத்து, விரலால் வெடிப்பின் ஆழம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மொதல்ல உங்கட்டதான் சொன்னேன். நீங்க காதுல மாட்டிக்கிட்டு மிஷினப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. தலைய ஆட்டுனீங்க, கேட்ட மாதிரி தெரியல. அதான் அவியட்ட ஒருக்கா சொல்லிட்டுப் போனேன். தெனம் ஒரு வாளி, மழைக்காலத்துல வேண்டாம்னு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் பருத்தி எடுத்த காட்டில் ஆடுகள் மேய்ந்தன. நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரிசலில் வீடு கட்டியவனுக்குச் சுவரோரம் தண்ணீர் நிற்பதைவிடப் பெரிய பயம் கிடையாது. மண் குடித்தால் ஊதி அஸ்திவாரத்தைத் தூக்கும். காய்ந்தால் இறக்கிவிடும். இரண்டு வருஷத்தில் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு ஓடும். அதனால்தான் குளியலறைத் தண்ணீர்கூடக் குழாயில் தெருவரைக்கும் போகிறது. பிரேமாவோ தினமும் காலையில் துணி அலசிய தண்ணீரை வாளியோடு தூக்கிப்போய் அந்த மூலையில் ஊற்றுவாள். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை கடுமையாகவே சொன்னேன், உன்னால்தான் இந்த வீடு விழப்போகிறது என்று. அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒரு வாளிதான. அது குடிக்கட்டும்" என்றாள். மண்ணைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அவள் போன பிறகு, அந்த வீட்டில் அவள் செய்த எதையும் நான் மாற்றவில்லை. டப்பாக்கள் அவள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. மாற்றியது ஒன்றே ஒன்றுதான். அலசிய தண்ணீரைச் சுவரோரம் ஊற்றாமல் தெருவரைக்கும் சுமந்து கொண்டுபோய் ஊற்றினேன். வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

புரட்டாசியில் அவள் போனாள். ஐப்பசியும் கார்த்திகையும் பெய்த மழை அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டது. தை முடிய ஈரம் இருந்திருக்கும். மாசியில் என் விரல்களில் எறும்பு ஊரத் தொடங்கியது.

"சுவருக்கு ஒண்ணும் ஆவாதா?" என்று மட்டும் கேட்டேன்.

"மூணடி தள்ளித்தான தோண்டியிருக்கேன். ஒரு வாளித் தண்ணி சுவருக்கு எங்க போவப் போவுது?" என்றார்.

கரியும் உப்பும் போட்டுக் குழியை நிரப்பி, துருப்பிடித்த கிளாம்பை மாற்றி, பத்துக் குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நான்தான் சுமந்தேன். தண்ணீர் மண்ணுக்குள் போகும்போது ஒரு சத்தம் வந்தது. மறுநாள் அவர் வந்து பல்பைப் பிடித்தபோது எர்த்திலும் அது முழுதாக எரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை. பேசுவதற்கு யாரும் வரவும் இல்லை. கம்ப்யூட்டர் இல்லாத மேசையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்ற கேள்வியை வைத்துக்கொண்டு பதினோரு வருஷத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். அவள் வாளியோடு போகிறாள், வருகிறாள். வாசலில் நின்று என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். வாய் அசைவது தெரிகிறது. ஒலி இல்லை. ஒருவேளை சொல்லியிருப்பாள். அன்றும் நான் தலையை ஆட்டியிருப்பேன்.

நாலாம் நாள் அக்கா போன் செய்தாள். எர்த்துக் குழியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டுக்கொண்டாள். பிரேமா தண்ணீர் ஊற்றியதைச் சொல்லும்போது மட்டும் 'ம்' என்றாள்.

"அப்போ வீட்டு மேல தப்பு இல்லேங்கியா?"

"இல்லக்கா."

"சரி. இனி வீட்டச் சொல்லி ஒன்னயக் கூப்பிட முடியாது. நீயும் வீட்டச் சொல்லி வர முடியாது. வேணும்னா வா, வேண்டாம்னா இரு. வைகாசி முடிய ஆறு நாள் கெடக்கு."

அவள் சரியாகத்தான் சொன்னாள். என்னைத் தள்ளுவதற்கு இப்போது எதுவும் இல்லை. இங்கே இருந்தால் காலையில் எழுந்து மாலை வரை ஒரு குரலும் கேட்காது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மதுரையில் கீழிருந்து காபி வரும். அத்தான் பேப்பரை வாய்விட்டு வாசிப்பார். துணி துவைத்து மடித்துக் கட்டிலில் இருக்கும். அக்கா எனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். அந்த மாடியறையில் நான் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கீழே யாரோ எனக்காக எதையோ சுமந்துகொண்டு போவார்கள். அது என்னவென்று எனக்குத் தெரிய வராது. அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

இதைத் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறிச் செண்பகராஜ் கடைக்குப் போனேன்.

அவர் அதே இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். நான் பெரியதைத் திறக்கச் சொன்னேன். உறையிலிருந்து போர்டை எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்தபடி காட்டினார். கறுப்பு. நாலு ஸ்லாட்டுகளும் வரிசையாக நீண்டிருந்தன.

"ராம் ரெண்டு போடுவோம். மத்த ரெண்டும் சும்மால்லா கெடக்கும். ஒருவேள நீங்க மதுரைக்குப் போறாப்ல இருந்தா…" என்று இழுத்தார். மதுரை விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. ஊரில் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

"கெடக்கட்டும்" என்றேன். "இதையே போடுங்க."

வீட்டுக்கு வந்தே சேர்த்துத் தருகிறேன் என்றார். அதற்கு முன்பு பல்பைப் பிடித்துத் தன் கண்ணால் பார்க்காமல் பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்றும் சொன்னார். மறுநாள் முற்பகல் வந்தார். சொன்னபடி பல்பைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்தார். பழைய கேபினட்டிலிருந்து இறந்த போர்டைக் கழற்றியபோது அதன் அடியில் கரிசல் தூசி மெல்லிய துணி போலப் படிந்திருந்தது. புது போர்டை வைத்துத் திருகினார். பிராசஸரைப் பொருத்தும்போது இருவரும் மூச்சுவிடாமல் இருந்தோம். ஒவ்வொரு திருகாணியாக நான் கையில் கொடுத்தேன். பதினோரு வருஷமாக இந்த மிஷினோடு இருந்தும், அது எதன்மேல் நிற்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

ஸ்விட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது. திரை சில நொடி கறுப்பாகவே இருந்தது. பிறகு போர்டின் சொந்தத் திரை வந்தது. மேலே மூலையில் தேதி: 2024 ஜனவரி 1.

"ஃபேக்டரியில வச்ச தேதி. மாத்திருங்க அண்ணாச்சி. இல்லேன்னா நீங்க சேக்குற ஃபைல் எல்லாம் அந்தத் தேதியில போய் உக்காந்துக்கும்" என்று சொல்லிவிட்டு வயர்களைக் கட்ட ஆரம்பித்தார்.

ஜனவரியில் பிரேமா இருந்தாள். அந்த நாளில் இதே அறையின் வாசலில் கோலப்பொடி அப்பிய கையோடு நின்றிருப்பாள். மாதத்தின் மேல் கட்டத்தை நகர்த்தி ஒவ்வொன்றாகக் கூட்டினேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மாதங்கள் சத்தமில்லாமல் போயின. செப்டம்பரில் விரல் நின்றுவிட்டது. செண்பகராஜ் தலை குனிந்து வயர் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை.  பிறகு நான் அக்டோபரை அழுத்தினேன். அதன்பின் நிற்கவில்லை. வருஷத்தையும் மாற்றிச் சேமித்தேன். திரை அணைந்து, மறுபடி எரிந்தது.

அவர் கிளம்பும்போது ஒரு டம்ளர் மோராவது குடித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம். அவர் பைக் திரும்பிப் போன பிறகுதான் அது தோன்றியது.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வரலக்கா."

 குக்கர் சத்தமும் அத்தான் யாரிடமோ பேசுவதும் கேட்டன. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒருமுறை கேட்டது. பிறகு சாதாரணக் குரலில் பேசினாள்.

"சாப்ட்டியாலே?"

"இனிமேத்தான்."

"என்ன பண்ணிருக்க?"

"சோறு வடிச்சிருக்கேன். கத்திரிக்காய் இருக்கு, குழம்பு வைக்கணும்."

"உப்பு பாத்துப் போடு" என்றாள். வைத்துவிட்டாள்.

சோறு வடித்திருக்கவில்லை. நேற்றிலிருந்து அடுப்பே பற்றவைக்கவில்லை. சிறிது நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய், இத்தனை மாதமாகியும் ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்ற கணக்கு பிடிபடாமல், ஒரு உழக்கு எடுத்துக் களைந்தேன்.